மௌத்தானவர் இயற்கை எய்தியபோது: செயற்கை நுண்ணறிவும் எங்கட தமிழும்

கடந்த நோன்பு மாதத்தில் உம்மாவின் கதையை ஒலிப்பதிவு செய்தேன். 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் நடந்ததை அவ அடிக்கடி சொல்லுவா. ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே இருப்பில் சொன்னது அதுதான் முதற் தடவை. தட்டச்சு செய்து பார்த்தால் பதினெட்டுப் பக்கம். பேச்சு பேச்சாகவே இருந்தது: பாதியில் நின்ற வசனங்கள், மூன்று தடவை திரும்பி வந்த ஒரே சம்பவம், இன்று பலருக்கும் தெரியாத ஒழுங்கைப் பெயர்கள். சஞ்சிகைக்குக் கொடுப்பதென்றால் கொஞ்சம் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நினைத்து, பலரும் பாவிக்கிற ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியில் முதல் சில பக்கங்களைப் போட்டு, "இதை நல்ல தமிழில் திருத்தித் தா" என்று கேட்டேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வந்துவிட்டது. எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. வாசிக்க அழகாகத்தான் இருந்தது.

உம்மா சொன்னது: "உலையில அரிசி போட்டிருந்தன். வெந்திச்சோ தெரியா." கருவி எழுதியது: "சமையல் வேலைகளைப் பாதியிலேயே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது." உம்மா சொன்னது: "எங்கள வெரட்டிட்டாங்க." கருவி எழுதியது: "மோதல் சூழ்நிலை காரணமாக நாங்கள் இடம்பெயர நேர்ந்தது." பிறகு வந்த புத்தளத்து முகாம் வாழ்க்கையில், "உங்கட வாப்பா அங்கதான் மௌத்தாப் போன" என்று உம்மா சொன்ன இடம், "என் கணவர் அங்கு இயற்கை எய்தினார்" என்று மாறியிருந்தது. நாங்கள் முஸ்லிம்கள், அதற்கேற்ப எழுது என்றேன். "இறைவனடி சேர்ந்தார்" என்று திருத்தித் தந்தது!

இரண்டு பந்தியை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "இது ஆருட கத, மகன்?" என்றா. பகிடிக்குக் கேட்கவில்லை.

இதை நடைப் பிரச்சினை என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யுத்தத்துக்குப் பயந்து தாமாக வேறிடம் போனவர்கள் இடம்பெயர்ந்தவர்கள். எங்களைப் போகச் சொன்னார்கள், போனோம்; அதற்குப் பெயர் வெளியேற்றம். இந்த ஒரு சொல்லுக்காக வடபுல முஸ்லிம்கள் எத்தனை மேடைகளிலும் மகஜர்களிலும் வாதாடியிருக்கிறார்கள். "வெரட்டிட்டாங்க" என்பதில் விரட்டியவன் இருக்கிறான். "இடம்பெயர நேர்ந்தது" என்பதில் யாருமில்லை, மழை பெய்ததைப் போல அது தானாக நேர்ந்துவிடுகிறது. "இயற்கை எய்தினார்" என்பதும் அப்படித்தான். கடவுள் பேச்சை விரும்பாதவர்களுக்கு அது வசதியான சொல். "இறைவனடி" சைவ மரபில் வேரூன்றியது. அவரவருக்கு அது சரி. இன்னாலில்லாஹி சொல்லி அடக்கிய வாப்பாவுக்கு இரண்டும் பொருந்தாது.

கருவி ஏன் இப்படிச் செய்கிறது? அதற்கு எங்கள்மேல் கோபம் ஒன்றுமில்லை. ஏராளமான எழுத்துகளை வாசித்து, ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்துத்தான் அது எழுதுகிறது. இணையத்தில் உள்ள தமிழில் மிகப் பெரும் பங்கு இந்தியத் தமிழ். இலங்கைத் தமிழ் குறைவு. அதற்குள்ளும் முஸ்லிம் தமிழ் இன்னும் குறைவு. ஒரு சோனகத்தெரு உம்மாவின் பேச்சு அதில் இருக்குமா என்பதே சந்தேகம். இறப்புச் செய்தி என்றவுடன் அது எங்கேயும் அதிகம் கண்ட சொற்றொடரைப் பிடித்துக்கொள்கிறது. கதிரை நாற்காலியாவதும் சவர்க்காரம் சோப்பாவதும் இப்படித்தான். இன்னொரு காரணமும் உண்டு. சர்ச்சையான விஷயங்களில் நிதானமாக, எவரையும் நோகடிக்காமல் பேசும்படி இக்கருவிகள் பழக்கப்படுத்தப்படுகின்றன. வன்முறை பற்றிய வசனங்களில் செய்தவன் மறைந்து செயல் மட்டும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நியாயமாகச் சொன்னால், கருவிக்கு முன்பே மனிதர்கள் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். பாடசாலையில் "மௌத்து" என்று எழுதிய கட்டுரையில் சிவப்புக் கோடு வாங்கியவன் நான். வீட்டில் ஒரு தமிழ், கொப்பியில் ஒரு தமிழ் என்று அன்றைக்கே பழகிவிட்டோம். வித்தியாசம் என்னவென்றால், வாத்தியார் கோடு போட்டார், அதனால் எது போனது என்று தெரிந்தது. இது கோடு போடாமலே மாற்றிவிடுகிறது.

இந்த இடத்தில் எங்கட ஹதீஸ் கலை எனக்கு உதவியது. ஒரு செய்தியைக் கேட்ட சொல்லிலேயே அறிவிப்பது ஒரு வகை. கருத்தை மட்டும் பிடித்துத் தன் சொல்லில் அறிவிப்பது இன்னொரு வகை, "ரிவாயத் பில் மஃனா". இரண்டாவது கூடுமா என்று இமாம்கள் நிறைய விவாதித்தார்கள். பெரும்பாலானோர் நிபந்தனையோடு அனுமதித்தார்கள். இமாம் ஷாஃபிஈ தமது ‘ரிஸாலா’வில், எந்தச் சொல் மாறினால் பொருள் மாறும் என்பதை அறிவிப்பாளர் அறிந்திருக்க வேண்டும், அறியாதவர் கேட்டதைக் கேட்டபடியே அறிவிக்க வேண்டும் என்ற கருத்தை வைக்கிறார். பராஉ இப்னு ஆஸிப் ரழியல்லாஹு அன்ஹு அவர்களுடைய சம்பவம் பலருக்கும் தெரிந்திருக்கும். தூங்கும்போது ஓதும் துஆவை நபிகளார் கற்றுக்கொடுக்க, அவர் திருப்பிச் சொல்லும்போது "நபி" என்ற சொல்லின் இடத்தில் "ரஸூல்" என்று சொல்லிவிட்டார். உயர்வான சொல்தான். ஆனாலும் நபிகளார் அவரை நிறுத்தி, கற்றுக்கொடுத்த சொல்லையே சொல்ல வைத்தார்கள்.

உம்மாவின் பேச்சு ஹதீஸ் அல்ல. ஆனால் அதுவும் ஒரு சாட்சியம். கருவி கருத்தை மட்டும் பிடித்துச் சொல்கிற அறிவிப்பாளர், ஷாஃபிஈ இமாம் வைத்த நிபந்தனை இல்லாதவர். எனவே அந்த நிபந்தனையை நான்தான் நிறைவேற்ற வேண்டும்.

அதற்காக இதைத் தூக்கி எறியச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. எங்கட ஊர்களில் எழுத ஆசையுள்ள பிள்ளைகளுக்குப் பிரதி பார்த்துத் தர ஆளில்லை. சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட ஒரு பெண், ல, ள, ழ பிழைத்துவிடும் என்ற பயத்தில் எழுதாமலே இருந்துவிடுகிறா. அவவுக்கு இது பெரிய துணை. எதைக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

"திருத்தித் தா", "மெருகூட்டு" என்று இப்போது நான் கேட்பதில்லை. "எழுத்துப் பிழைகளை மட்டும் வரிசையாகக் காட்டு, வசனத்தைத் தொடாதே" என்கிறேன். அப்போதும் அது சில இடங்களில் கை வைக்கும், ஆனபடியால் மூலப் பிரதியைத் தனிக் கோப்பில் வைத்து ஒப்பிட வேண்டும். மௌத்து, வபாத்து, காவின், கத்தம், ஒழுங்கை, மணித்தியாலம் என்று மாற்றக் கூடாத சொற்களின் பட்டியல் ஒன்றை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். அதிகம் உதவியது கேள்வி கேட்க வைத்ததுதான். "இந்த ஊர் தெரியாத வாசகனுக்கு எங்கெங்கே விளங்காது?" என்று கேட்டேன். எட்டு இடங்களைக் காட்டியது. ஐந்து சரி. அந்த ஐந்துக்கும் விளக்கத்தைக் கருவியிடம் கேட்கவில்லை, உம்மாவிடமே திரும்பப் போய்க் கேட்டேன். அதில் இரண்டு பக்கம் புதிதாக வந்தது. ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி லவுட்ஸ்பீக்கரில் சொன்னபோது, ஏதோ கூட்டம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுச் சாச்சி நல்ல சாரி உடுத்துக்கொண்டு வந்த கதை அப்படிக் கிடைத்ததுதான்.

அயலவர்களின் பெயர்களைப் போடுமுன் எடுத்துவிட்டேன். அவர்கள் என்னிடம் அனுமதி தந்தவர்கள் அல்லர். ஹதீஸ் இலக்கம், ஆயத்து இலக்கம் எதையும் அதனிடம் கேட்டு எழுதுவதுமில்லை. ஒரு தடவை கேட்டேன், புகாரியில் இன்ன இலக்கம் என்று உறுதியாகச் சொன்னது. கிதாபைத் திறந்தால் அங்கே இருந்தது வேறு ஹதீஸ்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் பயமுறுத்தியது நான் கடைசியாகக் கண்டுபிடித்த ஒன்று. முதல் திருத்தத்தில், "இரண்டு மணி நேரத்திற்குள் வெளியேறுமாறு கட்டளையிடப்பட்டது" என்று ஒரு வசனம். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள் என்பது எல்லோரும் எழுதியிருக்கிற விஷயம், ஆகவே நான் கவனிக்காமல் கடந்துவிட்டேன். ஒலிப்பதிவை மறுபடி கேட்டபோதுதான் தெரிந்தது, உம்மா நேரக் கணக்கு எதுவுமே சொல்லவில்லை. கருவி தான் வாசித்ததை எடுத்து அவவின் வாயில் வைத்திருக்கிறது. பொய்யென்றால் பிடித்திருப்பேன். உண்மையாக இருந்ததால்தான் தப்பிவிட்டது.

உம்மாவிடம் போய், எவ்வளவு நேரம் தந்தாங்க என்று கேட்டேன்.

"ரெண்டு மணித்தியாலம் எண்டுதான் எல்லாரும் சொல்ற. எங்களுக்கு அவ்வளவு நேரம் எங்க இருந்திச்சி? உங்கட வாப்பா மைதானத்தால வந்து சொல்லக்குள்ள அரைவாசி நேரம் போயிட்டு. நீ தூக்கத்துல இருந்த. ஒன்ன எழுப்புறதா, உடுப்புக் கட்டுறதா எண்டு நிண்டன்."

அதை அப்படியே சேர்த்திருக்கிறேன்.