வாசற்படியிலிருந்து உலக வரைபடம்

குமுளியில் தமிழ்நாட்டுப் பேருந்திலிருந்து இறங்கி, சோதனைச்சாவடியைக் கடந்து சில அடிகள் நடந்தால் கேரளம் வந்துவிடுகிறது. பாலக்காடு மாவட்டத்தின் கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பகுதிகளிலும் அவ்வாறே. பெயர்ப்பலகையின் எழுத்து மாறுவதைக் கொண்டுதான் மாநிலம் மாறியதை அறிகிறோம். இவ்வூர்களில் வளரும் பிள்ளைகள், வரைபடத்தில் ஒரு கோடு என்றால் என்ன என்பதை நாள்தோறும் காலால் மிதித்து அறிந்தவர்கள்.

ஆயினும் புவியியல் பாடம் அவர்களுக்குப் பெரும்பாலும் மனப்பாடமாகவே அமைகிறது. ஏழு கண்டங்கள், ஐந்து பெருங்கடல்கள், நாடுகள், தலைநகரங்கள் எனப் பட்டியல் நீள்கிறது. தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துபோகிறது. உலக உருண்டையில் தன் ஊரைக் காணாத பிள்ளைக்கு, அவ்வுருண்டை பிறருடைய உலகமாகவே தோன்றும். எனவே பாடத்தை உலகத்திலிருந்து ஊருக்குக் கொண்டுவராமல், ஊரிலிருந்து உலகத்துக்குக் கொண்டுசெல்வதே நன்று. அதற்கு வழிகாட்டவே இக்கட்டுரை.

மாறும் கோடுகள், மாறாத கோடுகள்

1950ஆம் ஆண்டில் பாலக்காடு நகரம் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அருகிலுள்ள சித்தூரும், மலைமேல் உள்ள தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று இவை யாவும் கேரளத்தில் சேர்ந்தன. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது, கோட்டயம் மாவட்டத்தில் இருந்த தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்கள் அதில் இணைந்தன. ஆக, மூணாற்றில் ஒரே வீட்டில் வாழ்ந்த முதியவர் ஒருவர், வீடு மாறாமலே மாநிலமும் மாவட்டமும் மாறக் கண்டிருப்பார்.

இச்செய்தியைத் தாத்தா பாட்டியரே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அதன்பின், “இத்தனை மாறியும் மாறாத முகவரி ஒன்று நம் வீட்டுக்கு உண்டு” என்று தொடங்கினால், அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் சுவையான பொருளாகிவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எத்தனை பாகை, இங்கிலாந்தின் கிரீன்விச் வழியே செல்லும் கோட்டிலிருந்து கிழக்கே எத்தனை பாகை என்னும் இரண்டு எண்களே அம்முகவரி. பாலக்காட்டுக்கு ஏறத்தாழ 10.77 வடக்கு, 76.65 கிழக்கு. குமுளிக்கு ஏறத்தாழ 9.6 வடக்கு, 77.17 கிழக்கு.

கணக்கேட்டில் ஒரு பதிவைத் தேடப் பக்க எண்ணும் வரி எண்ணும் போதும். புவியில் ஓரிடத்தைத் தேடவும் இரண்டு எண்கள் போதும்.

ஒரே கோட்டில் உலகப் பயணம்

வரைபடத்தில் பாலக்காட்டின் மேல் விரலை வைத்து, நேர் கிழக்கே நகர்த்தச் சொல்லுங்கள். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் மூன்றும் ஏறத்தாழ அதே அட்சக்கோட்டில் வருவதைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள். வங்கக்கடலைக் கடந்தால் சிறிய அந்தமான் தீவு. அதற்கும் கார் நிக்கோபாருக்கும் இடையிலுள்ள கடல்வழிக்குப் ‘பத்துப் பாகைக் கால்வாய்’ என்றே பெயர். ஓர் அட்சக்கோட்டின் எண்ணே அக்கடல்வழியின் பெயராகிவிட்டது.

மேலும் கிழக்கே சென்றால் வியட்நாமின் ஹோ சி மின் நகரம், பிலிப்பைன்ஸ் தீவுகள், பின்னர்ப் பசிபிக் பெருங்கடல். அதற்கப்பால் வட அமெரிக்கக் கண்டத்தின் தென்பகுதியான கோஸ்டாரிகா, தென் அமெரிக்காவில் கொலம்பியா, வெனிசுவேலா. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தால் ஆப்பிரிக்கா: கினியா, மாலி, கானா, நைஜீரியா, சாட், எத்தியோப்பியா, சோமாலியா. பிறகு அரபிக்கடல், இலட்சத்தீவுகள், பொன்னானிக் கடற்கரை, மீண்டும் பாலக்காடு. ஒரு சுற்றில் நான்கு கண்டங்கள், மூன்று பெருங்கடல்கள். ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் ஏன் வரவில்லை என்று பிள்ளை கேட்குமானால், பாடம் பாதி முடிந்தது எனலாம்.

தீர்க்கக்கோட்டிலும் இவ்விளையாட்டு உண்டு. குமுளியிலிருந்து நேர் வடக்கே சென்றால் புதுதில்லி, அதற்கும் வடக்கே சிம்லா. மூன்றும் ஏறத்தாழ 77.2 பாகைக்கு அருகிலேயே உள்ளன. தில்லியின் அட்சம் 28.6; குமுளியின் அட்சம் 9.6. வேறுபாடு 19 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் எனப் பெருக்கினால், நேர்த்தொலைவு ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் என்று பிள்ளையே கணக்கிட்டுவிடலாம்.

தோட்டத்தில் கண்டங்கள்

கண்டங்களின் பெயர்களை நினைவில் நிறுத்தத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மூணாற்றின் தேயிலை ஆசியாவுக்குரியது. சீனமும் அசாமும் அதன் தாயகங்கள். காப்பி ஆப்பிரிக்காவின் எத்தியோப்பியாவிலிருந்து ஏமன் வழியாக வந்தது. ரப்பர், மரவள்ளி, கொழிஞ்சாம்பாறை வயல்களின் நிலக்கடலை ஆகியவை தென் அமெரிக்காவுக்குரியவை. மக்காச்சோளம் மெக்சிகோவிலிருந்து, அதாவது வட அமெரிக்காவிலிருந்து வந்தது. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரமும், தைல மரமும் ஆஸ்திரேலியாவுக்குரியவை. வட்டவடையில் விளையும் முட்டைக்கோசு ஐரோப்பியப் பயிர்.

நாம் பெற்றது மட்டுமன்று, கொடுத்ததும் உண்டு. ஏலமும் மிளகும் இம்மலைகளுக்கே உரியவை. இங்கிருந்து சென்ற ஏலத்தை இன்று மத்திய அமெரிக்காவின் குவாதமாலா பெருமளவில் விளைவித்து ஏற்றுமதி செய்கிறது. நம் ஏல விவசாயிகள் கவலையோடு உச்சரிக்கும் அந்நாட்டின் பெயரை வரைபடத்தில் பிள்ளை தேடிக் காட்டட்டும்.

எஞ்சியது அண்டார்டிகா. அங்கிருந்து பயிர் எதுவும் வரவில்லை. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் பகுதிகளாக இருந்தன. மைத்ரி, பாரதி என்னும் இந்திய ஆய்வு நிலையங்கள் இன்று அங்கே உள்ளன.

நிழலால் அளக்கும் முறை

வரைபடத்தில் உள்ள எண்ணை நம் முற்றத்திலேயே சரிபார்க்கலாம். மார்ச் 20 அல்லது 21ஆம் நாளில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். செப்டம்பர் 22 அல்லது 23இலும் அவ்வாறே; ஆனால் மலையூர்களில் அப்போது முகில் மறைக்கக்கூடும். அன்று ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைச் சமதரையில் செங்குத்தாக நட்டு, நண்பகல் 12 மணி முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். மிகக் குறுகிய நிழலே நமக்கு வேண்டியது. அது வடக்கு நோக்கி விழும்.

குமுளியில் அந்நிழல் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர், பாலக்காட்டில் 19, தில்லியில் 54. பாலக்காட்டுக்கும் குமுளிக்கும் இடையே நிழலில் காணும் 2 சென்டிமீட்டர் வேறுபாடு, தெற்கு வடக்காக ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவைக் குறிக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இத்தகைய நிழலைக் கொண்டே புவியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

நிழல் மிகக் குறுகும் நேரம் கடிகாரத்தின் 12 மணியாக இராது என்பதையும் பிள்ளை கவனிக்கும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பதால், மேற்கே உள்ள நமக்கு உச்சிப்பொழுது சராசரியாக 21 முதல் 23 நிமிடம் தாமதமாக வருகிறது.

எண்ணும் ஒரு பாதுகாப்பு

2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலை அருகே பெட்டிமுடியில் மலைச்சரிவு லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மழையால் தொடர்புகள் அற்றிருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டியபோது மறுநாள் காலை ஆகிவிட்டது. அந்த இரவில் இரண்டு எண்கள் அவர்களைக் காத்திருக்கும் என்று எவரும் கூற இயலாது. ஆயினும் தெருப்பெயரும் கதவு எண்ணும் இல்லாத லயங்களில் வாழ்வோர், தம் இருப்பிடத்தைப் பிழையின்றிச் சொல்லக் கற்றிருப்பது நன்று.

கைப்பேசியின் வரைபடச் செயலியில் நம் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்களும் தோன்றும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் இருந்தால், சுமார் 11 மீட்டர் அளவுக்கு இடம் துல்லியமாகும். கைப்பேசிக் கோபுரத்தின் சமிக்ஞை இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள்களைக் கொண்டு இருப்பிடத்தை அறிய முடியும். அதைப் பிறருக்குத் தெரிவிக்கத்தான் தொடர்பு வேண்டும். ஆகவே அவ்வெண்களை முன்கூட்டியே எழுதி, அவசர உதவி எண்ணாகிய 112உடன் சுவரில் ஒட்டிவைப்பது நலம்.

நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது, “வடக்கே இன்னார் நிலம், கிழக்கே ஓடை” என்று குறிக்கிறோம். அந்நிலம் கைமாறலாம், ஓடையும் திசைமாறலாம். அந்தப் பத்திரத்தை அடுத்தமுறை எடுக்கும்போது பிள்ளையை அருகில் அமர்த்தி, நான்கு எல்லைகளையும் படித்துக்காட்டுங்கள். பிறகு ஒரு தாளில் அந்த இரண்டு எண்களையும் அவர்கள் கையாலேயே எழுதச் செய்து, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.