அரைப்பேரும் முழுப்பேரும்

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்கான கணக்கு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். மலையகக் கதைகளில் வரும் மனைவியரைப் புரிந்துகொள்ள, பதுளைத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு இந்தச் சொல்லே உதவுகிறது.

செக்ரோலில் அவளுக்குப் பேர் உண்டு. ஆனால் சம்பள நாளில் அவளது காசைக் கணவனோ தகப்பனோ வாங்கிச் செல்வது நெடுங்கால வழக்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. அதன் பிறகும் கூடையை இறக்கி வைத்தால் அடுப்பும் பிள்ளையும் அவளுக்கே.

அடுத்தது இடம். பதுளை மாவட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' சிறுகதை, லயத்துக் காம்பிராவின் இடநெருக்கடி ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தை எப்படித் தின்கிறது என்று காட்டுகிறது. புருசன் பெண்சாதிக்கே மறைவில்லாத இடத்தில் அவள் தனியாக இருந்து அழவோ யோசிக்கவோ எங்கே போவாள்?

இப்சனின் நாடகத்தில் நோரா கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகிறாள். இங்கே காம்பிராவும் தோட்டத்துடையது, வேலையும் தோட்டத்துடையது. வெளியேறினால் இரண்டும் போகும். ஆகவே இவளின் சுயத்தேடல் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது: சம்பளத்தைத் தன் கையில் வாங்குவது, அடித்தால் ஏன் என்று கேட்பது.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி சென்று குடியேறின. அங்கே போரில் கணவனை இழந்த பிறகே தன் பேரில் முதன்முதலாகக் கையெழுத்திட்ட பெண்கள் உண்டு. ஒருத்திக்கு முழுப்பேர் கிடைக்க அவள் விதவையாகத்தான் வேண்டுமா?