மாரி மழைக்கு முன் தேனீப் பெட்டி

குளிர்காலத்திற்குத் தேனீப் பெட்டியை ஆயத்தம் செய்தல் என ஐரோப்பிய நூல்கள் விபரிப்பது பனி விழும் நாடுகளுக்குரியது. அங்கு தேனீக்கள் இராணியை நடுவில் வைத்து உருண்டையாகத் திரண்டு, சேமித்த தேனை உண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஊவாவில் அப்படியான பனி இல்லை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையே நமது தேனீக்களின் குளிர்காலம் ஆகும்.

நாம் பெட்டியில் வளர்ப்பது ஏபிஸ் செரனா எனும் இனமாகும். (உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் ஒற்றை அடை கட்டும் பெருந்தேனீ வேறு. தோட்டத்தில் 'குளவி கொட்டியது' என்பதில் சில உண்மையில் பெருந்தேனீயின் வேலை. விடையில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களில் ஆண்டின் நடுப்பகுதியில் யூக்கலிப்டஸ் பூக்கும்போது தேன் வரவு அதிகம். மழை தொடங்கியதும் பூக்களின் அமுதம் கழுவப்படும். தேனீக்களும் வெளியே பறக்க முடியாது. ஐரோப்பியத் தேனீயாயின் பெரும்பாலும் கூட்டிலேயே இருந்து பட்டினியால் மடியும். நமது தேனீ அவ்வாறன்று. உணவு குறைந்தால் இராணி முட்டையிடுவதை நிறுத்தும். இருக்கும் புழுக்கள் வளர்ந்து வெளிவந்ததும், வெயில் எறிக்கும் ஒரு நாளில் முழுக் கூட்டமும் பெட்டியைக் கைவிட்டுச் செல்லும்.

நான் சாதாரண தரம் படித்த காலத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் அப்பா ஒரு பெட்டி வைத்திருந்தார். செப்டெம்பரில் மேல் அறையோடு கீழ் அறை அடைகளிலிருந்த தேனையும் எடுத்துவிட்டோம். இரண்டு போத்தல் கூடுதலாகக் கிடைத்தது. நவம்பரில் மழை விட்ட ஒரு நாள், பாடசாலை விட்டு வந்து பார்த்தால் பெட்டி வெறுமை. அப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடினார். சீனி ஒரு கிலோ கரைத்து வைத்திருந்தால் அவை தங்கியிருக்கக்கூடும்.

எனவே முதல் விதி, கீழ் அறைத் தேனில் கைவைக்கக் கூடாது என்பதே. அது போதாவிடின், கொதித்தாறிய நீரும் சீனியும் சம அளவில் கலந்த பாகை மாலை வேளையில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பகலில் வெளியே வைத்தால் வேற்றுக் கூட்டத் தேனீக்கள் கொள்ளையிட வரும். கருப்பட்டி, வெல்லம் கரைத்து வைப்பது நல்லதல்ல. தேனீக்களுக்கு வயிற்றோட்டம் உண்டாகும்.

அடுத்து, தேனீக்கள் மூடாத வெற்று அடைகளை அகற்றுக. மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடுவது பெரும்பாலும் அவற்றில்தான். வாசலைச் சுருக்கி, மழைநீர் உள்ளே தங்காதவாறு பெட்டியை முன்பக்கம் சற்றுச் சரித்து வைக்கலாம். ஐரோப்பியத் தேனீ மரப்பிசினைச் சேர்த்து வெடிப்புகளை அடைக்கும். ஏபிஸ் செரனா பிசின் சேர்ப்பதில்லை. ஆகவே அந்த வேலை நம்முடையது, களிமண் போதும். புழுக்கள் வளர ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். 15 பாகைக்குக் கீழே இறங்கும் பண்டாரவளை இரவுகளிலும் தேனீக்கள் பறத்தல் தசைகளை அதிரவைத்து இவ்வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதற்கு எரிபொருள் தேனே. எறும்புக்கு, தாங்கியின் கால்களை நீர் நிரப்பிய தகரப்பேணிகளில் வைப்பது வழக்கம்.

பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு உண்டு. பெட்டி வைத்திருப்போர் அங்கு ஆலோசனை பெறலாம்.

பயிற்சி வினா: மழைக்காலத்தில் பெட்டியில் முட்டையோ புழுவோ காணப்படவில்லை. அடுத்து நடக்கக்கூடியது யாது? காரணம் தருக.