ஓடி நிதி திரட்டப் போகிறீர்களா?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓடினால் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பணம் சேருமா? சேரும். ஆனால் ஓட்டம் பணம் தராது, உங்களைத் தெரிந்தவர்கள்தான் தருவார்கள். அதனால் ஓடிப் பழகும் அளவுக்குக் கேட்டும் பழக வேண்டும்.

யாருக்காக ஓடுவது? நன்கொடையால் வளர்ந்த அமைப்பு என்றால் கேட்பது எளிது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம் அப்படிப்பட்டது. எதுவானாலும், அவர்கள் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் முன் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

பணத்தை என் ஜிபேயில் வாங்கிச் சேர்த்து அனுப்பலாமா? வேண்டவே வேண்டாம். நீங்கள் அனுப்பினால் ரசீது உங்கள் பெயருக்கு வரும். கொடுத்தவருக்கு 80ஜி (நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை) கிடைக்காது. ஊர்ப்பேச்சு வேறு! அமைப்பின் வங்கிக் கணக்கையோ கியூஆர் அட்டையையோ நேராகக் கொடுத்துவிடுங்கள். டி-ஷர்ட், வாழைப்பழச் செலவு உங்கள் கையிலிருந்து போகட்டும்.

ஆயிரம் கொடுத்தால் ஐந்நூறு திரும்பி வருமா என்று கடைக்கார அண்ணாச்சி கேட்பார். வராது. பெரும்பாலான அமைப்புகளுக்குக் கொடுத்ததில் பாதியை வருமானக் கணக்கில் கழிப்பார்கள். அந்தப் பாதிக்கான வரிதான் மிச்சம். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை.

எப்படிக் கேட்பது? வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கும்பிடு படம்தான் வரும். ஒவ்வொருவரிடமும் தனியாக, தொகையைச் சொல்லிக் கேளுங்கள்.

தூரம் எவ்வளவு? இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 12 கி.மீ. போய்த் திரும்பினால் அரை மாரத்தானை (21.1 கி.மீ. ஓட்டம்) தாண்டிவிடும். இருக்கன்குடிக்குப் பாதயாத்திரை போனவருக்கும் ஓட்டம் புதிதுதான். மூன்று நான்கு மாதம் பழகுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். இரண்டு ஊரையும் இணைக்கும் கொல்லம் சாலையில் லாரி நடமாட்டம் அதிகம். இருட்டில் ஓடாமல், நன்றாக விடிந்ததும் வண்டிகள் எதிரே வரும் ஓரமாக ஓடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களைத் தவிர்த்துவிடலாம். கூட்டமாக ஓடுவதென்றால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள்.

பாதியில் நின்றுவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டுமா? புற்றுநோயால் வலது காலை இழந்த கனடா இளைஞர் டெரி ஃபாக்ஸ், 1980இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகச் செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடினார். 143 நாளில் 5,373 கி.மீ. கடந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவி, ஓட்டம் நின்றது. பணம் அதற்குப் பிறகும் குவிந்தது. நீங்களும் திருப்ப வேண்டாம். எவ்வளவு ஓடினீர்கள், எவ்வளவு சேர்ந்தது என்பதை மட்டும் ஒரு வாரத்துக்குள் கொடுத்தவர் எல்லோருக்கும் உள்ளபடி சொல்லிவிடுங்கள்.