கதாநாயகனைக் கொல்லலாமா?

தொடர்கதை எழுதுகிறவருக்கு ஒரு விசித்திரமான அதிகாரம் உண்டு. ராஜாவுக்குக்கூட இல்லாத அதிகாரம் அது. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, அப்பீலும் கிடையாது. பேனாவை ஒரு முறை ஓட்டினால் போதும், ஓர் உயிர் போய்விடும். அதற்காக அவரைப் போலீஸ் பிடிப்பதில்லை. மாறாக, சன்மானம் கொடுத்து அனுப்புகிறார்கள்!

ஆனால், செத்துப் போகிறவன் யார் என்று பாருங்கள். வாரா வாரம் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து, ஊஞ்சலில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவன் அவன். பத்திரிகை வந்ததும் "எனக்கு முதலில்" என்று அண்ணனும் தங்கையும் இழுபறி செய்தது அவனுக்காகத்தான். கண் மங்கிய பாட்டி, பேத்தியை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டதும் அவன் கதையைத்தான். பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டு செய்து அலமாரியில் வைத்தார்களே, அதுவும் அவனுக்காகத்தான். அப்பேர்ப்பட்டவனை ஒரு வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ ஆசிரியர் கொன்றுவிட்டால் நமக்குக் கோபம் வராதா?

வரத்தான் செய்யும். ஆகையால் கேள்வியை நேராகவே கேட்டுவிடுவோம். முக்கியமான பாத்திரத்தைச் சாகடிப்பது கதைக்கு நல்லதா, கெட்டதா?

ஸ்ரீரங்கத்தில் தொடங்கிய வழக்கு

இந்த வழக்கு நம் ஊருக்குப் புதிதல்ல. கம்பர் தம்முடைய ராமாயணத்தை அரங்கேற்றியது ஸ்ரீரங்கத்தில் என்பது வழிவழியாக வரும் செய்தி. தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே உயரத்தில் மேட்டழகிய சிங்கர் சந்நிதி.

வால்மீகியில் இல்லாத இரணியன் வதையைக் கம்பர் தம் காவியத்தில் சேர்த்திருந்தார். "மூலத்தில் இல்லாத மரணத்தை நீர் எப்படிச் சேர்க்கலாம்?" என்று பண்டிதர்கள் ஆட்சேபித்தார்களாம். அப்போது மேட்டழகிய சிங்கரே தலையசைத்துக் கர்ஜனை செய்து ஆமோதித்தார் என்பது கர்ண பரம்பரைக் கதை.

சிங்கம் தலையசைத்ததை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் கம்பர் அந்த மரணத்தை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதைக் கவனியுங்கள். யுத்த காண்டத்தில், ராவணனுடைய மந்திராலோசனை சபையில், விபீஷணன் வாயில் வைத்தார். "அண்ணா, உன்னைவிடப் பெரிய வரம் வாங்கியவன் இப்படித்தான் அழிந்தான்" என்று எச்சரிப்பதற்காகத் தம்பி அந்தக் கதையைச் சொல்கிறான். அண்ணன் கேட்கவில்லை. தம்பி இலங்கையை விட்டே வெளியேறுகிறான். இரணியன் மரணத்தை எடுத்துவிட்டால் ராவணனின் பிடிவாதம் எவ்வளவு பெரியது என்பது நமக்கு முழுவதும் விளங்காது. சும்மா சுவாரசியத்துக்காகச் செருகிய சாவு அல்ல அது. கதையில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

தலை போனால் என்ன, திரும்ப வரும்!

மாயாஜாலக் கதைகளில் இன்னொரு சங்கடம் உண்டு. அங்கே செத்தவன் பிழைத்து வரலாம். விக்கிரமாதித்தன் கதையில் வரும் பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் வருஷ ஆயுள் வேண்டுமானால் விக்கிரமாதித்தன் தலையைக் கொண்டுவா என்கிறாள் காளி. அவனும் வெட்டிக் கொண்டுவந்து வைத்து வரத்தை வாங்கிவிடுகிறான். பிறகு, "ராஜாவுக்குக் கொடுத்த ஆயிரம் வருஷ வரமே பொய்யாயிற்றே, என் வரம் மட்டும் எப்படி நிலைக்கும்?" என்று மடக்குகிறான். காளி விக்கிரமாதித்தனை எழுப்பித் தந்துவிடுகிறாள்!

பட்டியின் சாமர்த்தியத்தை மெச்சிச் சிரிக்கிறோம். ஆனால் தலை விழுந்தபோது நம்மில் யாராவது அழுதோமா? இல்லை. திரும்பி வருவான் என்று தெரிந்தவனுக்கு யார் அழுவார்கள்?

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இங்கே குறுக்கிடக்கூடும். "வைகுண்ட ஏகாதசி உற்சவத்தின் முடிவில் நம்மாழ்வார் மோட்சம் நடக்கிறதே? ஆழ்வாரைப் பெருமாள் திருவடியில் சேர்த்துத் துளசியால் மூடுகிறார்கள். பிறகு, 'எங்கள் ஆழ்வாரை எங்களுக்கே தந்தருள வேண்டும்' என்று பிரார்த்தித்துத் திரும்பப் பெறுகிறார்கள். அப்போது கண்ணீர் விடுகிறோமே!" என்பார்கள்.

வாஸ்தவம். ஆனால் அங்கே பிரிவு முதலில் பூரணமாக நடக்கிறது. துளசி மூடிய அந்தச் சில நிமிஷங்களில் இல்லாமை என்றால் என்ன என்று கூட்டத்துக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகுதான் வேண்டுகோள் பிறக்கிறது. பிரிவை அனுபவிக்க விடாமல் அடுத்த வாரமே ஆளைத் திருப்பிக் கொண்டுவரும் தொடர்கதை இந்தப் பாடத்தைக் கற்கவில்லை.

நீர்வீழ்ச்சியில் விழுந்த துப்பறிவாளர்

திரும்பி வந்தவர்களில் உலகப் பிரசித்தி பெற்றவர் ஷெர்லாக் ஹோம்ஸ். 1893 டிசம்பரில், லண்டன் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில், சுவிட்சர்லாந்து நீர்வீழ்ச்சி ஒன்றில் அவரைத் தள்ளிவிட்டார் கானன் டாயில். அவருக்கு ஹோம்ஸ் அலுத்துவிட்டார். சரித்திர நாவல்கள் எழுத வேண்டும் என்று ஆசை. வாசகர்கள் சும்மா விடவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் சந்தாவையே நிறுத்திவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. பத்து வருஷம் கழித்து, 1903-ல், ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார்.

இதில் குற்றம் யாருடையது? வாசகர்களுடையது அல்ல என்பது நம் கட்சி. அந்த மரணம் கதைக்குத் தேவைப்படவில்லை, ஆசிரியருக்குத்தான் தேவைப்பட்டது. வாசகன் அதை எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறான்.

இதற்கு எதிராக ஜார்ஜ் மார்ட்டின் 1996-ல் வெளியிட்ட மாயாஜால நாவலைச் சொல்லலாம். அதுவே பின்னர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று தொலைக்காட்சித் தொடராக வந்தது. கதாநாயகன் என்று நாம் நம்பியிருந்த நெட் ஸ்டார்க்கின் தலை முதல் புத்தகத்திலேயே விழுந்துவிடுகிறது. ஆயினும் யாரும் ஏமாற்றப்பட்டதாக உணரவில்லை. அவனுடைய நேர்மையே அவனை அங்கே கொண்டு சேர்த்தது. அவன் மகன் படை திரட்டினான்; பெண்கள் இருவரும் திசைக்கொருவராகச் சிதறினார்கள். அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் நேர்ந்தவை அநேகமாக அந்த வெட்டிலிருந்து பிறந்தவையே.

கரிகாலன் சாக வேண்டியவன்

திருச்சியில் படித்து, 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை உதறியவர் கல்கி. அவருடைய 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாரா வாரம் வந்தது. அதில் அவருக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. ஆதித்த கரிகாலன் செத்தே ஆக வேண்டும். உடையார்குடிக் கோயில் கல்வெட்டு, அவனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பற்றிக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. சரித்திரம் கொன்றவனைக் கதாசிரியர் காப்பாற்ற முடியாது.

கல்கி என்ன செய்தார்? மரணத்தை ஒளித்து வைத்து நம்மைத் திடுக்கிட வைக்கவில்லை. தொடக்கத்திலேயே வானத்தில் தூமகேதுவைக் காட்டிவிட்டார். ராஜ குடும்பத்தில் யாருக்கோ ஆபத்து என்று ஊரே பேசுகிறது. கரிகாலனும் அதை நோக்கியே நடக்கிறான். மூன்று வருஷத்துக்கு மேல் வாசகர்களும் கூடவே நடந்தார்கள். "நடக்கப் போகிறது, நடக்கக் கூடாதே" என்ற தவிப்பு அது. திடீர் அதிர்ச்சி ஒரு வாரம் நிற்கும். இந்தத் தவிப்பு வருஷக் கணக்கில் நின்றது. 2022-லும் 2023-லும் மணிரத்னம் அதை இரண்டு பாகங்களாகத் திரைக்குக் கொண்டுவந்தபோது, முடிவு தெரிந்த ஜனங்களே கொட்டகைகளை நிரப்பினார்கள்.

அதைவிட முக்கியம், கரிகாலன் போன பிறகு நடப்பது. பழி வந்தியத்தேவன் தலையில் விழுகிறது. பெரிய பழுவேட்டரையர் குற்ற உணர்ச்சியால் தம்மையே மாய்த்துக்கொள்கிறார். அருள்மொழிவர்மன் தனக்கு வந்த கிரீடத்தை உத்தம சோழனுக்குச் சூட்டுகிறான். கடைசிப் பாகத்துக்கு 'தியாக சிகரம்' என்று பெயர். அந்தச் சிகரத்துக்கு அஸ்திவாரம் கடம்பூர் மாளிகையில் விழுந்த அந்த ஓர் உடல்தான்.

மணிமேகலை என்ன பாவம் செய்தாள்?

"கரிகாலன் சரி. மணிமேகலையை ஏன் கொன்றார்?" என்று கேட்கும் வாசகிகள் இன்றும் உண்டு. நியாயமான கேள்வி. அவள் விஷயத்தில் எந்தக் கல்வெட்டும் கல்கியின் கையைக் கட்டிப்போடவில்லை. வந்தியத்தேவனைக் காப்பாற்ற, செய்யாத கொலையைத் தான் செய்ததாகச் சொன்ன பேதைப் பெண் அவள். கடைசி அத்தியாயத்தில் அவன் மடியிலேயே உயிர் விடுகிறாள்.

யோசித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஐந்து பாகம் முழுக்கச் சிம்மாசனத்துக்காகச் சதி செய்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ராஜ்யமோ கிரீடமோ எதையும் விரும்பாத ஒருத்தி அதற்கு விலை கொடுக்கிறாள். கல்கி நினைத்திருந்தால் பட்டாபிஷேக மேளத்தோடு கதையை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், பெரியவர்களுடைய சண்டையில் யார் நசுங்குகிறார்கள் என்பதைக் கடைசிப் படமாக நம் முன் வைத்துவிட்டுப் போனார். இதனால் அவர்மேல் நமக்குக் கோபம் குறையாமல் இருக்கலாம். மணிமேகலையை மறக்கவும் முடியவில்லை அல்லவா?

ஆகவே, நம் தீர்ப்பு இது. கதாநாயகனைக் கொல்லலாம். ஆனால், செத்தவன் விட்டுப்போன இடம் கதையில் காலியாகவே தெரிய வேண்டும். பின்னால் வருகிற ஒவ்வொருவரும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். சாவுக்குப் பிறகு பத்து வாரம் படித்துப் பாருங்கள். யாரும் மாறவில்லை, எல்லோரும் பழையபடியே பேசிச் சிரிக்கிறார்கள் என்றால், ஆசிரியர் செய்தது வெறும் கொலை. எல்லோருமே மாறிவிட்டார்கள் என்றால், அவர் தம் கடமையைச் செய்திருக்கிறார்.

அப்படிச் செய்த ஆசிரியரைத் திட்டிக் கடிதம் எழுதுங்கள், தப்பில்லை. அவர் அதைச் சந்தோஷமாகவே படிப்பார். கற்பனை மனிதன் ஒருவனுக்காக இத்தனை வீடுகளில் துக்கம் கொண்டாடுகிறார்கள் என்பதைவிட எழுத்தாளனுக்குப் பெரிய விருது என்ன இருக்கிறது?