நாலு பேரை நட்டாற்றில் விடாதே!

கம்ப்யூட்டரில் கோஷ்டி ஆட்டம் ஆடப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

இரவு மணி எட்டு. அப்பா, பாட்டி, தங்கை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்து விட்டார்கள். அம்மா சமையல் அறையில் இருந்து கூப்பிடுகிறாள்.

"டேய், தோசை ஆறிப் போகுது! வாடா!"

"இதோ வந்துட்டேன் அம்மா! அஞ்சே நிமிஷம்!"

ஐந்து நிமிஷம் ஆகிறது. பத்து நிமிஷம் ஆகிறது. பையன் வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருக்கிறான். கண் திரையை விட்டு நகரவில்லை.

அப்பாவுக்குக் கோபம் வந்து விட்டது. எழுந்து போனார். சுவிட்சைத் தட்டினார். கம்ப்யூட்டர் அணைந்தது.

பையன் அழுதே விட்டான்.

"அப்பா! நாலு பேரு என்னை நம்பி இருக்காங்க!"

யார் அந்த நாலு பேர்? வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை.

இந்தக் காட்சி இன்று பல வீடுகளில் நடக்கிறது. பையன் சொன்னது பொய் அல்ல. அப்பாவின் கோபமும் தப்பு அல்ல. அந்த ஆட்டம் என்ன என்று தெரிந்து கொண்டால், இரண்டு பேருக்கும் சண்டை வராது.

பத்துப் பேர் ஆட்டம்

அவன் ஆடியது "டோட்டா 2" என்ற ஆட்டம். இது தனி ஆள் ஆட்டம் அல்ல. இந்தப் பக்கம் ஐந்து பேர். அந்தப் பக்கம் ஐந்து பேர். பத்துப் பேரும் பத்து ஊர்களில் இருப்பார்கள். இன்டர்நெட் அவர்களை ஒரே மைதானத்தில் கொண்டு வந்து சேர்க்கிறது.

சடுகுடு ஆடும்போது பாதியில் ஒருவன் வீட்டுக்கு ஓடிப் போனால் எப்படி இருக்கும்? மீதிப் பேர் திண்டாடுவார்கள் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். ஒருவன் எழுந்து போனால், நாலு பேர் ஐந்து பேரோடு மோத வேண்டும்.

இந்த ஆட்டம் பிறந்த கதை வேடிக்கையானது. 2002-ல் "வார்கிராஃப்ட் 3" என்ற ஆட்டம் வெளிவந்தது. அதை வாங்கியவர்கள் அதற்குள் புதுப் புது மைதானங்களைத் தாங்களே அமைத்துக் கொள்ளலாம். அப்படி ரசிகர்கள் அமைத்த மைதானம்தான் டோட்டா. பிறகு அமெரிக்காவில் உள்ள வால்வ் கம்பெனி அதைப் புதிதாகச் செய்தது. "டோட்டா 2" என்று பெயர் வைத்து 2013-ல் வெளியிட்டது.

ஆட்டம் இலவசம். அதில் வரும் வீரர்களும் இலவசம். உடுப்பு, மகுடம் போன்ற அலங்காரச் சாமான்களைத்தான் கம்பெனி விற்கிறது. வாங்கினால் வீரன் அழகாகத் தெரிவான். பலம் கூடாது. எனவே, பணக்காரப் பையனும் ஏழைப் பையனும் இங்கே சமம்.

மைதானம் எப்படி?

சதுரமான நிலம். மூலைக்கு மூலை ஓர் ஆறு. ஆற்றின் இந்தக் கரை ஒரு கோஷ்டிக்கு. அந்தக் கரை மறு கோஷ்டிக்கு. ஒரு கோஷ்டிக்கு "ரேடியண்ட்" என்று பெயர். மற்றதற்கு "டயர்" என்று பெயர்.

ஒவ்வொரு கரையிலும் ஒரு கோட்டை. கோட்டைக்குள் "ஏன்ஷியண்ட்" என்ற பெரிய கட்டடம். எதிரியின் கட்டடத்தை யார் முதலில் இடிக்கிறார்களோ, அவர்களுக்கு வெற்றி.

கோட்டைக்குப் போக மூன்று பாதைகள் உண்டு. மேல் பாதை, நடுப் பாதை, கீழ்ப் பாதை. வழியில் காவல் கோபுரங்கள் நிற்கும். ஒரு பக்கத்துக்கு 11 கோபுரங்கள். அவை எதிரியைக் கண்டால் சுடும்.

அரை நிமிஷத்துக்கு ஒரு முறை, இரண்டு கோட்டைகளில் இருந்தும் சிப்பாய்கள் புறப்படுவார்கள். இவர்களுக்கு "கிரீப்" என்று பெயர். இவர்களைக் கம்ப்யூட்டரே நடத்தும்.

எதிரியின் சிப்பாய்க்குக் கடைசி அடி யார் கொடுக்கிறாரோ, அவருக்குத் தங்கம் கிடைக்கும். முன்னால் பத்து அடி அடித்து இருந்தாலும் பயன் இல்லை. கடைசி அடிதான் கணக்கு! ஆகவே, சும்மா அடித்துக் கொண்டே இருக்கக் கூடாது. பொறுத்து இருந்து அடிக்க வேண்டும்.

சிப்பாய் சாகும்போது பக்கத்தில் நின்றால் அனுபவம் கிடைக்கும். தங்கத்தைக் கொண்டு ஆயுதம் வாங்கலாம். அனுபவம் சேரச் சேர வீரனின் படி உயரும். 30 படி வரை ஏறலாம்.

செத்தால் எதிரிக்குச் சம்பளம்!

புதிதாக வருகிறவர் என்ன நினைக்கிறார்? "பாய்ந்து போவேன்! நாலு பேரை வெட்டுவேன்!" என்று நினைக்கிறார்.

பாய்கிறார். சாகிறார். மறுபடியும் பாய்கிறார். மறுபடியும் சாகிறார்.

இந்த ஆட்டத்தில் செத்தவன் சிறிது நேரம் கழித்து உயிரோடு எழுந்து வருவான். "அப்படியானால் செத்தால் என்ன?" என்று கேட்கிறீர்களா?

மூன்று நஷ்டம் உண்டு.

ஒன்று: கையில் உள்ள தங்கம் குறையும்.

இரண்டு: கொன்றவனுக்குத் தங்கமும் அனுபவமும் கிடைக்கும்.

மூன்று: நீங்கள் எழுந்து வரும் வரை உங்கள் கோஷ்டியில் நாலே பேர். படி உயர உயர, காத்திருக்கும் நேரமும் கூடும்.

பத்துத் தடவை செத்தால், பத்துத் தடவை எதிரிக்குச் சம்பளம் கொடுத்ததாக அர்த்தம்! ஆட்டக்காரர்கள் இதை "எதிரிக்குத் தீனி போடுவது" என்பார்கள்.

ஆகவே முதல் பாடம் இதுதான்: கொல்லக் கற்றுக் கொள்வதற்கு முன்னால், சாகாமல் இருக்கக் கற்றுக் கொள்ளுங்கள்.

அது எப்படி?

திரையின் மூலையில் மைதானத்தின் சிறிய படம் இருக்கும். சில விநாடிக்கு ஒரு முறை அதைப் பாருங்கள். எதிரிகள் ஐந்து பேரும் தெரிகிறார்களா? பயம் இல்லை. இரண்டு பேரைக் காணோமா? உங்களைத் தேடித்தான் வருகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆற்றைத் தாண்டாதீர்கள். உங்கள் கோபுரத்தின் பக்கம் ஒதுங்கி விடுங்கள். பின்வாங்குவது கோழைத்தனம் அல்ல. கோஷ்டிக்குச் செய்யும் உதவி.

எந்த வீரனை எடுப்பது?

டோட்டாவில் 120-க்கும் மேற்பட்ட வீரர்கள் உண்டு. எல்லோரையும் பழகப் பார்த்தால் ஒருவரும் படியாது. இரண்டு, மூன்று பேரைத் தேர்ந்து எடுங்கள். அவர்களையே திரும்பத் திரும்ப ஆடுங்கள்.

"ரெய்த் கிங்" புதியவர்களுக்கு ஏற்றவன். எலும்புக்கூடு ராஜா. ஆறாம் படி ஏறியதும் அவனுக்கு ஒரு வித்தை கிடைக்கும். செத்த இடத்திலேயே உடனே எழுந்து நிற்பான். அந்த வித்தையை மறுபடி செய்யக் கொஞ்ச நேரம் ஆகும்.

"ஓகர் மேகை" என்பவனுக்கு இரண்டு தலை! நன்றாக அடி தாங்குவான்.

"கிரிஸ்டல் மெய்டன்" பனி மந்திரக்காரி. கூட்டாளிகளுக்கு மந்திர சக்தி ஊறும்படி செய்வாள். ஆனால், மெதுவாக நடப்பாள். ஓடித் தப்ப முடியாது. அவளை எடுத்தால் பின்னாலேயே நிற்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் மனிதர்களோடு மோத வேண்டாம். முதலில் கம்ப்யூட்டரோடு ஆடுங்கள். அதற்கு வசதி இருக்கிறது. தோற்றாலும் யாரும் திட்ட மாட்டார்கள்.

தரவரிசை போடும் ஆட்டங்களுக்குப் போக, 100 மணி நேரம் ஆடி இருக்க வேண்டும் என்று விதி உண்டு. இதைத் தண்டனை என்று நினைக்காதீர்கள். நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளாமல் இருப்பதற்குத்தான் இந்த விதி!

ஏழையாக நிற்பவன்

ஐந்து பேருக்கும் ஐந்து வேலை. ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டு இருப்பார்கள்.

முதல் நம்பர்க்காரருக்குத்தான் அதிகத் தங்கம் போக வேண்டும். அவர் பலசாலி ஆகி, கடைசியில் கோட்டையை இடிப்பார்.

ஐந்தாம் நம்பர்க்காரர்? அவர் ஏழை. தங்கத்தை மற்றவர்களுக்கு விட்டுக் கொடுப்பார். இருட்டான இடங்களில் "வார்டு" என்ற காவல் கண்களை நட்டு வைப்பார். எதிரி வருவதை அவை காட்டிக் கொடுக்கும். முதல் நம்பர்க்காரருக்கு ஆபத்து வந்தால், குறுக்கே விழுந்து காப்பாற்றுவார்.

"இது எடுபிடி வேலை அல்லவா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

ஓர் உண்மைக் கதையைக் கேளுங்கள்.

டோட்டாவுக்கு ஆண்டுதோறும் நடக்கும் பெரிய போட்டிக்கு "தி இன்டர்நேஷனல்" என்று பெயர். முதல் போட்டி 2011-ல் ஜெர்மனியில் நடந்தது. 2018-ல் கனடாவின் வான்கூவர் நகரில் நடந்தது.

"ஓ.ஜி." என்று ஒரு கோஷ்டி. அதன் தலைவர் யோஹான் சுன்ட்ஸ்டைன். டென்மார்க் நாட்டுக்காரர். போட்டிக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, இரண்டு கூட்டாளிகள் வேறு கோஷ்டிக்குப் போய் விட்டார்கள். தலைவருக்கு எப்படி இருந்து இருக்கும்!

பயிற்சி கொடுத்துக் கொண்டு இருந்தவரே ஆட உட்கார்ந்தார். பின்லாந்தில் இருந்து ஒரு புது வாலிபர் வந்தார். அவருக்கு இவ்வளவு பெரிய மேடை புதிது. ஓ.ஜி.க்கு நேரடி அழைப்பு வரவில்லை. யார் வேண்டுமானாலும் மோதலாம் என்ற தகுதிச் சுற்றில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்கள்.

இறுதிப் போட்டியில் சீனக் கோஷ்டி ஒன்றை 3-2 என்று வென்றார்கள். பரிசு 1 கோடியே 12 லட்சம் டாலர்!

மறு ஆண்டு, 2019-ல், சீனாவின் ஷாங்காய் நகரிலும் அவர்களே வென்றார்கள். இந்தப் போட்டியை இரண்டு முறை வென்ற முதல் கோஷ்டி அதுதான்.

அதன் தலைவர் ஆடிய இடம் எது தெரியுமா?

ஐந்தாம் நம்பர்! தங்கத்தை விட்டுக் கொடுக்கும் ஏழையின் இடம்!

வசவுக்கு வசவு வேண்டாம்

புதியவர்களை ஓட வைப்பது எதிரி அல்ல. சொந்தக் கோஷ்டிக்காரரின் வாய்தான்!

நீங்கள் ஒரு தப்புச் செய்தால் போதும். முன்பின் தெரியாத ஒருவர் கண்டபடி திட்டுவார். "இனி ஆடவே வேண்டாம்" என்று நினைக்கும் அளவுக்குத் திட்டுவார்.

அவர் வாயை அடைக்க ஒரு வசதி உண்டு. அவர் பெயருக்கு எதிரே "மியூட்" குறி இருக்கும். அதை அமுக்குங்கள். அவர் பேச்சு உங்களுக்குக் கேட்காது. மிகவும் மோசமாக நடந்தால் புகாரும் செய்யலாம்.

பதிலுக்குத் திட்டாதீர்கள். நீங்கள் பதில் எழுதிக் கொண்டு இருக்கும்போது, உங்கள் வீரன் சும்மா நிற்பான். எதிரி வந்து வெட்டி விடுவான்!

நாளைக்கு நீங்கள் கெட்டிக்காரர் ஆவீர்கள். அப்போது ஒரு புதியவர் உங்கள் கோஷ்டிக்கு வருவார். அவரைத் திட்டாதீர்கள். உங்கள் முதல் நாளை நினைத்துக் கொள்ளுங்கள்.

ஆட்டத்தில் பழகிய ஆள் எவ்வளவு நல்லவராகத் தோன்றினாலும், வீட்டு விலாசம், டெலிபோன் நம்பர், பள்ளிக்கூடத்தின் பெயர் எதையும் சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

சூதாட்டம் அல்ல. ஆனாலும்...

"இது சூதாட்டமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இல்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025-ல் இந்தியாவில் சட்டம் வந்தது. டோட்டா போன்ற திறமைப் போட்டிகளை அந்தச் சட்டம் தனியாகப் பிரித்து வைக்கிறது. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், டோட்டாவுக்குப் பதக்கமே கொடுத்தார்கள்.

அதற்காகப் படிப்பை விட்டு விட்டு இதிலேயே சம்பாதிக்கலாம் என்று கனவு காண வேண்டாம். கோடி கோடியாகப் பரிசு வாங்குகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு, பொழுதை எல்லாம் விழுங்கி விடக் கூடாது.

வீட்டில் ஓர் ஒப்பந்தம்

ஓர் ஆட்டம் முடியச் சுமார் 40 நிமிஷம் ஆகும். சில சமயம் ஒரு மணி நேரமும் ஆகும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆட்டத்தை விட்டுப் போனால், கைவிட்டதாக எழுதிக் கொள்வார்கள். தண்டனையும் உண்டு.

ஆகவே, ஆடுகிறவர் செய்ய வேண்டியது: தொடங்கும் முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரம் கையில் இல்லையா? தொடங்காதீர்கள். வீட்டில் சொல்லி விட்டுத் தொடங்குங்கள். தோற்ற கோபத்தில் உடனே அடுத்த ஆட்டத்துக்குப் போகாதீர்கள். அதிலும் தோற்பீர்கள்!

பெற்றோர் செய்ய வேண்டியது: நடுவில் சுவிட்சைத் தட்டாதீர்கள். "ஒரே ஆட்டம்தான்" என்று முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். முடிந்ததும் எழுந்து வரச் சொல்லுங்கள்.

அந்த வீட்டிலும் இப்படித்தான் முடிவு செய்தார்கள்.

மறுநாள் இரவு மணி ஏழரை.

"ஆட்டம் எப்போடா?" என்று அம்மா கேட்டாள்.

"சாப்பிட்டுட்டுத்தான் அம்மா. எட்டு மணிக்கு ஆரம்பிச்சா ஒன்பதுக்குள்ளே முடிஞ்சுடும்."

அப்பா, அம்மா, பாட்டி, தங்கை எல்லோரோடும் உட்கார்ந்து சூடாகத் தோசை சாப்பிட்டான்.

வீட்டிலும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களும் அவனை நம்பித்தான் இருக்கிறார்கள்!