தனித்தீவில் ஒரு தென்னை

ஆளில்லாத வெப்பமண்டலத் தீவில் ஒரே ஒரு பொருள்தான் துணை என்றால், சென்னையின் சிட்லபாக்கத்து வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் தென்னையே போதும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிக்கோபாரின் பில்லோபஞ்சா தீவில் தனியே சிக்கிய ஒருவர் 25 நாள் தேங்காயை நம்பியே உயிர் பிழைத்தார்.

இளநீர் தாகம் தீர்க்கும். அளவு மீறினால் வயிறு போகும். முற்றிய காயின் பருப்பில் கொழுப்பு மிகுதி. ஓலையை முடைந்தால் கூரைக்குக் கீற்று. கொட்டாங்குச்சி கிண்ணமாகும், கரியுமாகும். எல்லாவற்றிலும் மேலானது நார்தான்: காய்ந்தது தீ மூட்ட உதவும், திரித்த கயிறு உப்புநீரிலும் எளிதில் மக்காது.

1943இல் சாலமன் தீவுகளில் சிக்கிய, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் எஃப். கென்னடி, உதவி கேட்டுச் செய்தி செதுக்கியதும் தேங்காய் ஓட்டில்தான். தேங்காய் உரிக்கக் கத்தி இல்லையா? நிலத்தில் நட்ட கூர்முனைக் கழியில் குத்தித் திருகினால் மட்டை உரிந்துவிடும்.